மாரடைப்பு யாருக்கு அதிகம்: அதிகாரிக்கா, கடைநிலை ஊழியருக்கா?

பெரிய பதவியில் இருப்பவருக்கு மாரடைப்பு வந்தால், "பாவம், எவ்வளவு பொறுப்பு, எவ்வளவு டென்ஷன்" என்கிறோம். அதே அலுவலகத்தில் ஃபைல் சுமக்கும் கடைநிலை ஊழியருக்கு வந்தால், "உடம்பைக் கவனிச்சிருக்க மாட்டார்" என்கிறோம். முன்னவரின் நோய்க்கு அவர் பார்க்கும் வேலை காரணம், பின்னவரின் நோய்க்கு அவரே காரணம் என்பது நம்மிடம் ஊறிப்போன தீர்ப்பு. ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் தொடங்கிய ஓர் ஆய்வு இந்தத் தீர்ப்பைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. ஆனால் நம் பேச்சு இன்னும் மாறவில்லை.

வைட்ஹால் என்பது பிரிட்டன் அரசின் அமைச்சகங்கள் வரிசையாக நிற்கும் லண்டன் தெரு. நம் ஊரில் 'கோட்டை' என்றால் தலைமைச் செயலகம் என்று புரிவதுபோல, அங்கே வைட்ஹால் என்றால் அரசாங்கம். 1967-ல் தொடங்கி டொனால்ட் ரீட், ஜெஃப்ரி ரோஸ் என்ற மருத்துவ ஆய்வாளர்கள் அங்கு வேலை பார்த்த 40 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 18,000 ஆண்களைப் பரிசோதித்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, உயரம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். பிறகு யார் எப்போது, எதனால் இறக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் கவனித்தார்கள். இந்தத் தரவுகளை அலசி உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் மார்மட்.

இவர்களில் பரம ஏழை என்று ஒருவர்கூட இல்லை. எல்லாருக்கும் நிரந்தர அரசு வேலை, மாதச் சம்பளம், பென்ஷன். 1948 முதல் நாட்டில் எல்லாருக்கும் இலவச மருத்துவம். சுரங்கத் தூசியோ ஆலைப் புகையோ கிடையாது. எல்லாரும் ஒரே நகரத்தில், கூரைக்குக் கீழே, மேசைக்குப் பின்னால் அல்லது மேசைகளுக்கு நடுவே வேலை செய்தவர்கள். பட்டினியையோ, மருத்துவமனை இல்லாததையோ இங்கே காரணமாகச் சொல்ல வழியில்லை.

ஏழரை ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, மேல்மட்ட நிர்வாக அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் 3.6 மடங்கு அதிகமாக இருந்தது.

இந்த எண்ணைக் காட்டிலும் என்னை அசைத்தது இன்னொன்று. நோய் கடைசிப் படியில் மட்டும் குவிந்திருக்கவில்லை. உச்சியில் இருந்தவர்களைவிட அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்த தொழில்முறை, நிர்வாகப் பணியாளர்கள் அதிகம் இறந்தார்கள். அவர்களைவிட எழுத்தர்கள் அதிகம். எழுத்தர்களைவிடக் கடைநிலை ஊழியர்கள் அதிகம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆபத்து கூடியது. இரண்டாம் படியில் இருந்தவர்கள் நல்ல சம்பளம் வாங்கியவர்கள், படித்தவர்கள், வசதியான வீட்டில் குடியிருந்தவர்கள். அப்படியும் முதல் படியோடு ஒப்பிட்டால் அவர்கள் பின்தங்கித்தான் இருந்தார்கள். ஏழைகளுக்கு ஒரு கணக்கு, மற்றவர்களுக்கு ஒரு கணக்கு என்று இதைப் பிரிக்க முடியாது. இதைப் படிக்கும் நீங்களும் எழுதும் நானும் அந்தப் படிக்கட்டில் ஏதோ ஓர் இடத்தில்தான் நிற்கிறோம்.

சிகரெட்தான் காரணமா? கீழ்ப்படிகளில் புகைப்பவர்கள் அதிகம் என்பது உண்மை. ஆனால் புகைக்கவே புகைக்காதவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோதும் அதே படிக்கட்டு தெரிந்தது. கொழுப்போ மேல்படியில் இருந்தவர்களுக்குத்தான் சற்று அதிகம். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை என்று அளந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கழித்தாலும், படிகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத்தான் விளக்கம் கிடைத்தது.

மீதிக்கு விடை தேடி 1985-ல் இரண்டாவது வைட்ஹால் ஆய்வு தொடங்கியது. இந்த முறை பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். மொத்தம் 10,308 பேர், 35 முதல் 55 வயது. ரத்தப் பரிசோதனையோடு வேலையைப் பற்றிய கேள்விகளும் கேட்கப்பட்டன. உங்கள் வேலையை எப்படிச் செய்வது என்று நீங்கள் முடிவெடுக்க முடியுமா? எந்த வேகத்தில் செய்வது, எப்போது ஓய்வெடுப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறதா? உங்கள் திறமைக்கு அங்கே இடம் உண்டா?

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருந்தது ராபர்ட் காரசெக் என்ற சமூகவியலாளர் 1979-ல் முன்வைத்த கருத்து. வேலைப்பளு மட்டும் ஒருவரை நோயாளி ஆக்குவதில்லை. பளு அதிகமாகவும், அதைக் கையாளும் அதிகாரம் குறைவாகவும் இருப்பதுதான் உடலைக் கெடுக்கிறது என்றார் அவர். அமைச்சகச் செயலருக்குப் பளு அதிகம்தான். ஆனால் கூட்டத்தைத் தள்ளிவைக்க அவரால் முடியும், வேலையைப் பிரித்துக் கொடுக்க முடியும், கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்கார முடியும். மணி அடித்தால் ஓட வேண்டியவருக்கு இதில் எதுவும் கிடையாது.

1997-ல் வெளிவந்த முடிவு இதற்குச் சாதகமாக இருந்தது. வேலையில் தன் கையில் அதிகாரம் குறைவு என்ற நிலை, கீழ்ப்படிகளில் இதய நோய் அதிகமாக இருந்ததற்குப் பெரும் பங்கு காரணமாகத் தெரிந்தது. ஊழியர்கள் மனக்குறையால் அப்படிச் சொல்லியிருக்கலாமே என்ற சந்தேகம் வரும். அதனால் அந்தந்த வேலையில் எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்று நிர்வாகத் தரப்பிடமும் தனியாகக் கேட்டு மதிப்பிட்டார்கள். அதிலும் இதே போக்கு தெரிந்தது.

மனநிலை எப்படி ரத்தக்குழாய் வரை போகிறது? எதிரே மாடு முட்ட வந்தால் உடல் அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, ஓடித் தப்பிக்கிறோம். ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்த ஏற்பாடு நம் உயிரைக் காப்பதற்கானது. சூப்பர்வைசரின் குரல், மாதக் கடைசி, வட்டிக்காரரின் போன் என்று ஆபத்து தினமும் வந்துகொண்டே இருந்தால் உடல் பழைய நிலைக்குத் திரும்ப நேரமே கிடைப்பதில்லை. ரத்த அழுத்தம் மெல்ல ஏறுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது, வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. வருடங்கள் போகப் போக ரத்தக்குழாய் இதற்கெல்லாம் விலை கொடுக்கிறது.

இதே வைட்ஹால் தரவிலிருந்து 2010-ல் இன்னொரு முடிவும் வந்தது. அதையும் சொல்லாமல் விடக்கூடாது. புகை, மது, உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றை ஒரே ஒரு தடவை கேட்டு நிறுத்தாமல் 24 ஆண்டுகளில் பலமுறை கேட்டு அளந்தபோது, படிகளுக்கு இடையிலான மரண வித்தியாசத்தில் 72 சதவீதம் வரை பழக்கங்களாலேயே விளக்க முடிந்தது. "பார்த்தீர்களா, கடைசியில் பழக்கம்தான் காரணம்" என்று சிலர் இதை எடுத்துக்கொண்டார்கள். அப்படி முடித்துவிட முடியாது என்பது என் கருத்து. பழக்கம்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். கெட்ட பழக்கம் ஏன் படிப்படியாகக் கீழே இறங்க இறங்கக் கூடுகிறது என்ற கேள்வி அப்போதும் அப்படியே நிற்கிறது.

1950-களில் பிரிட்டனில் பணக்கார ஆணும் ஏழை ஆணும் ஏறத்தாழ ஒரே அளவில் புகைத்தார்கள். 1962-ல் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் புகையின் கேட்டை விளக்கி அறிக்கை வெளியிட்டது. செய்தி எல்லாருக்கும்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் மேல்படிக்காரர்கள் முதலில் விட்டார்கள், வேகமாக விட்டார்கள். கீழே இருந்தவர்கள் பின்தங்கினார்கள். அறிவுரை எல்லார் காதிலும் ஒரே அளவில்தான் விழுகிறது. அதைக் கடைப்பிடிக்கத் தேவையான நிம்மதியும் நேரமும் பணமும் அதே அளவில் கிடைப்பதில்லை.

நிம்மதி என்று சொல்வது வெறும் உணர்வைப் பற்றிய பேச்சு அல்ல, அளந்து பார்க்கக்கூடியது என்று காட்டிய ஆய்வு ஒன்று நம் ஊரிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை சுற்று வட்டாரத்தில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இரண்டு முறை சந்தித்தார்கள். முதல்முறை வெட்டுக்கு முன், கையில் காசில்லாத நேரம். அடுத்தது வெட்டு முடிந்து ஆலையிலிருந்து பணம் வந்த பிறகு. வெட்டுக்கு முன்பு பெரும்பாலானோர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பணம் வந்த பிறகு அப்படி இருந்தவர்கள் மிகச் சிலரே.

இரண்டு முறையும் அவர்களுக்கு வடிவங்களைப் பொருத்தும் புதிர்களும் கவனச் சோதனையும் கொடுக்கப்பட்டன. அதே மனிதர், அதே படிப்பு. ஆனால் கையில் பணமில்லாதபோது தவறுகள் கூடின, பதில் சொல்ல அதிக நேரம் பிடித்தது. மழை, வெயில், பண்டிகை போன்ற பருவத்தின் விளைவாக இருக்குமோ என்றும் யோசித்தார்கள். ஆலை கொடுக்கும் வெட்டு உத்தரவு எல்லாருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், பக்கத்துக் கொல்லைக்காரர் காத்திருப்பார். இந்த வசதியை வைத்தே அந்தச் சந்தேகத்தையும் சரிபார்த்தார்கள். 2013-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளிவந்தது.

கடனைப் பற்றிய யோசனை மூளையில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் இடத்தில்தான் மற்றதெல்லாம் நடக்க வேண்டும். சுகர் மாத்திரையைக் காலையில் போட்டோமா, அடுத்த பரிசோதனை எந்தத் தேதி என்பதும் அந்த மிச்சத்துக்குள்தான் அடங்க வேண்டும். மாத்திரையை மறந்து வருகிறவரைப் பார்த்து "உங்களுக்கு அக்கறையே இல்லை" என்று சொல்வதற்கு முன், அவருடைய நகை எங்கே இருக்கிறது என்று யோசிப்பது நல்லது.

இன்னொரு பக்கம் உறவும் நட்பும். கலிபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேரை ஒன்பது ஆண்டுகள் கவனித்து லிசா பெர்க்மனும் லியோனார்ட் சைமும் 1979-ல் முடிவை வெளியிட்டார்கள். துணை, உறவினர், நண்பர்கள், சங்கம், கோயில் குளம் என்று எந்தப் பிணைப்பும் அதிகம் இல்லாதவர்கள், பிணைப்பு நிறைய உள்ளவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலான விகிதத்தில் இறந்திருந்தார்கள். புகை, மது, எடை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்தத் தொடர்பு மறையவில்லை. மார்மட் சைமிடம்தான் படித்தார். இருவரும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜப்பானியர்களை ஆராய்ந்திருந்தார்கள். ஜப்பானில் இதய நோய் குறைவு, ஹவாய்க்கு வந்தவர்களிடம் கூடுதல், கலிபோர்னியாவுக்கு வந்தவர்களிடம் இன்னும் கூடுதல். ரத்தம் ஒன்றுதான், வாழும் இடம்தான் வேறு. கலிபோர்னியாவிலேயே தங்கள் சமூகத்தோடு நெருக்கமாக வாழ்ந்த ஜப்பானியர்களிடம் இந்த நோய் குறைவாகவே இருந்தது.

இப்படி உடல்நலத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணங்களை ஆராய 2005-ல் உலக சுகாதார நிறுவனம் மார்மட் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. அமர்த்தியா சென்னும் அதில் உறுப்பினர். 2008-ல் வந்த அதன் அறிக்கை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவை உதாரணம் காட்டியது. நகரத்துக்குள் இருக்கும் கால்டன் பகுதியில் ஆண்களின் சராசரி ஆயுள் 54. சில மைல் தள்ளி இருக்கும் லென்ஸியில் 82. இரண்டு இடத்துக்கும் இருந்தது ஒரே இலவச மருத்துவம்தான்.

அப்படியானால் என்ன செய்வது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அறிவுரை சொல்லிக்கொண்டிருப்பது போதாது. அவர்கள் வாழும், வேலை செய்யும் நிலைமையைத் தொட வேண்டும். தமிழகத்தில் இதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. ஒன்று, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. பிபி, சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வாங்க வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பவருக்கு இந்த ஏற்பாடு எந்த விழிப்புணர்வுப் பிரசாரத்தையும்விடப் பெரியது.

இன்னொன்று, அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தம். கடைகளில் வேலை செய்வோர் எல்லாருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்குக் கால் வலி, நரம்புச் சுருட்டு என்பதோடு பாதிப்பு முடிவதில்லை. எப்போது உட்காரலாம், எப்போது தண்ணீர் குடிக்கலாம், எப்போது கழிவறைக்குப் போகலாம் என்பதுகூடத் தன் கையில் இல்லாத வேலை அவருடையது. வைட்ஹால் ஆய்வாளர்கள் கேள்வித்தாளில் அளந்த அதிகாரம் நம் கடைகளில் இவ்வளவு அடிப்படையான இடத்திலேயே மறுக்கப்படுகிறது.

உங்களுக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்தால், அவர்களில் யாருக்கு எந்த முடிவை நீங்கள் விட்டுக்கொடுக்க முடியும் என்று இந்த வாரமே யோசியுங்கள். எந்த நேரத்தில் சாப்பிடப் போவது, எந்த வரிசையில் வேலையை முடிப்பது என்று சின்னதாகத் தொடங்கலாம், காசு செலவாகாது. அடுத்த முறை ஜவுளி எடுக்கப் போகும்போது, விற்பனைப் பிரிவில் ஊழியர்களுக்கு இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடமே கேளுங்கள். தமிழ்நாட்டில் அது சட்டப்படி இருக்க வேண்டிய நாற்காலி.