சாலைக்கு அடியில் கிடக்கும் குழாயை மாற்றப் பணம் தருவது யார்?

குழாயில் தண்ணீர் வராவிட்டால் மாநில நீர் நிறுவனத்தைத் திட்டுகிறோம். பல வேளைகளில் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தக் குழாயை மாற்றும் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான், யாரிடம் எதைக் கேட்பது என்பது புரியும்.

நம் நாட்டில் நிலமும் ஆறும் மாநிலத்தின் பொறுப்பு. நீர் விநியோகமும் முன்பு அப்படித்தான் இருந்தது. சுத்திகரிப்பு ஆலை கட்ட மாநிலங்கள் கூட்டரசிடம் கடன் வாங்கின. கட்டணத்தை உயர்த்தினால் ஓட்டு போய்விடும் என்ற அச்சத்தில் அதைக் குறைவாகவே வைத்திருந்தன. கடன் வளர்ந்தது, குழாய்கள் பழையதாயின.

நன்கொடை அல்ல, குத்தகை

2005-இல் அரசியலமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, தீபகற்ப மாநிலங்களின் நீர் விநியோகம் கூட்டரசும் மாநிலமும் சேர்ந்து கவனிக்கும் துறையானது. அடுத்த ஆண்டு நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டம் நிறைவேறியது. கட்டுப்படுத்தும் ஆணையமாக ஸ்பான் வந்தது. நிதியமைச்சின் கீழ் பாப் எனப்படும் நீர்ச் சொத்து நிர்வாக நிறுவனமும் உருவானது.

மாநிலத்தின் ஆலை, குழாய், நீர்த்தொட்டி ஆகியவற்றைப் பாப் எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாக, மாநிலம் கூட்டரசுக்குத் தரவேண்டிய கடன் தீர்க்கப்படுகிறது. புதிய கட்டுமானத்துக்குப் பாப் கடன் பத்திரங்கள் மூலம் பணம் திரட்டுகிறது. மாநில நீர் நிறுவனம் அவற்றை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, நாம் கட்டும் கட்டணத்திலிருந்து திருப்பிச் செலுத்துகிறது. மலாக்கா, நெகிரி செம்பிலான், ஜொகூர் ஆகியவை தொடக்கத்திலேயே இணைந்தன.

திருப்பிச் செலுத்த வேண்டியிராத உதவியும் உண்டு. புறநகர், கிராமப்புற நீர் விநியோகத் திட்டங்களுக்குக் கூட்டரசு நேரடியாக ஒதுக்கீடு செய்கிறது. சபா, சரவாக் மாநிலங்களுக்கு இது மிக முக்கியம்.

நூறு லிட்டரில் 37

2022-இல் சுத்திகரிக்கப்பட்ட நீரில் ஏறக்குறைய 37 விழுக்காடு வருமானம் தராமலே போனது. கசிவு, திருட்டு, பழுதான மீட்டர் ஆகியவை இதற்குக் காரணம். பெர்லிஸில் பாதிக்கும் மேல் இழப்பு. பினாங்கில் அது மிகக் குறைவு. பல இடங்களில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்கள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அழுத்தம் கூடினால் அவை எளிதில் உடையும். ஆலையைப் பெரிதாக்கினாலும் குழாயை மாற்றாவிட்டால், கூடுதல் தண்ணீரிலும் ஒரு பங்கு மண்ணுக்குத்தான் போகும்.

2024 பிப்ரவரி 1 முதல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் வீட்டுக் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரி 22 சென் கூடியது. மாதம் 30 கன மீட்டர் பயன்படுத்தும் குடும்பத்துக்கு, சராசரிக் கணக்கில், 6 ரிங்கிட் 60 சென் கூடுதல். இந்தப் பணம் குழாய் மாற்றத்துக்குப் போகிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

வாசலோடு நின்றுவிடும் குழாய்

நம்மவர்கள் அதிகம் பாதிக்கப்படும் இடம் வேறு. நீர் நிறுவனத்தின் பொறுப்பு பெரும்பாலும் மீட்டரோடு முடிகிறது. தோட்டம் தனியார் நிலம். உள்ளே குடியிருக்கும் தொழிலாளர்களுக்குப் போதுமான தண்ணீர் தருவது முதலாளியின் கடமை. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம், அதாவது 446-ஆம் சட்டம், இதைச் சொல்கிறது. தோட்டம் கைமாறும்போது இந்தக் கடமை காற்றில் பறந்துவிடக் கூடாது. புகாரைத் தொழிலாளர் இலாகாவிடம் கொண்டு செல்லலாம்.

மலிவு விலை அடுக்குமாடிகளிலும் இதே சிக்கல்தான். கூரைத் தொட்டியும் உட்குழாயும் கூட்டு நிர்வாகத்தின் பொறுப்பு. கட்டடம் முழுமைக்கும் ஒரே மீட்டர் என்றால், சிலர் பராமரிப்புக் கட்டணம் செலுத்தாததற்கு எல்லாரும் சிரமப்பட நேரும். தொட்டியை மாற்ற, வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் வீடமைப்புப் பராமரிப்பு நிதிக்கு விண்ணப்பிக்கலாம். தனி ஒருவர் கேட்பதைவிட நிர்வாகக் குழு கேட்பதே முறை. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள்: நம் தொட்டிக்கு எத்தனை வயது? நிதிக்கு எப்போது விண்ணப்பித்தோம்?