எல்லை இல்லாத கட்டி

புற்றுநோய்க் கட்டியைச் சுற்றிலும் உள்ள நல்ல சதையில் சிறிதளவு சேர்த்து அறுத்தெடுத்துவிட வேண்டும் என்பது ரண சிகிச்சையின் பழைய விதி; ஆனால் மூளையிலேயே பிறக்கும் கொடிய கட்டிகளுள் முதன்மையான கிளியோபிளாஸ்டோமாவிடம் அந்த விதி செல்லுவதில்லை. ஏனெனில், அதன் உயிரணுக்கள் நரம்பிழைகளின் வழியே ஊர்ந்து, ஸ்கேனுக்கும் பழுதற்றதாகவே தோன்றும் பிரதேசங்களில் முன்னமே குடியேறிவிடுகின்றன. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி, இத்தகைய கட்டிகளால் பீடிக்கப்பட்ட சிலருக்கு மூளையின் வலப்பாதி முழுவதையுமே அகற்றிப் பார்த்து, 1928-இல் அதன் விவரத்தை வெளியிட்டார். அவ்வளவு செய்தும் வியாதி வேரறவில்லை.

ஆகவே, எவ்வளவு எடுக்கலாம் என்பதைவிட எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிவதே இத்துறை நிபுணரின் பெரிய சாமர்த்தியம் என்று நான் கருதுகிறேன். மூளைக்கு வலியை உணரும் சக்தி இல்லை. ஆதலால், பேச்சுக்குரிய பகுதியை அடுத்துக் கட்டி இருக்குமானால், மண்டையோட்டைத் திறந்தபின் நோயாளியை விழிக்கச் செய்து, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்கிறார்கள். மெல்லிய மின்முனை ஓரிடத்தைத் தொட்டதும், பசுவின் படத்தைக் கண்டும் 'பசு' என்ற சொல் நாவில் எழாமல் அவர் திகைப்பாராயின், அங்கே கட்டி பரவியிருந்தாலும் கத்தி படுவதில்லை. அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு ஒரு திரவத்தைக் குடிக்கக் கொடுத்து, நீல ஒளியில் கட்டி மட்டும் இளஞ்சிவப்பாகச் சுடரும்படி செய்யும் முறையும் உண்டு.

எஞ்சியதன்மேல் ஆறு வாரம் கதிர்வீச்சு. கூடவே, பெரும்பாலான மருந்துகளை மூளைக்குள் விடாத இரத்தக்குழாய்த் தடுப்பைக் கடக்கவல்ல டெமோசோலமைடு மாத்திரை. 2005-இல் ரோஜர் ஸ்டுப் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்குப் 10 பேரே இரண்டு ஆண்டுகளைக் கடந்தனர். மாத்திரையும் பெற்றவர்களுள் 26 பேர். கூடுதலாகப் பிழைத்த அந்த 16 பேரின் வீடுகளில் இது அற்ப லாபம் அன்று.

மருந்து கட்டியின் மரபுப் பொருளில் உண்டாக்கும் சேதத்தை எம்ஜிஎம்டி என்னும் மரபணு செப்பனிட்டுவிடுகிறது. அம்மரபணு வாயடைந்து கிடக்கும் கட்டிகளிலேயே மாத்திரையின் பலன் நன்றாகத் தெரிகிறது. இரண்டு சிகிச்சைகளையும் சேர்ந்தாற்போல் தாங்க இயலாத முதியவர்களுக்குக் கதிர்வீச்சா, மாத்திரையா என்று தீர்மானிக்கையில், வைத்தியர்கள் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது, கட்டியில் அம்மரபணுவின் நிலையைக் காட்டும் பரிசோதனையின் முடிவைத்தான்.