தொழிற்சங்கத் தலைவர்க்கு ஊதியம் தகுமா?

பாகலூர் வட்டார அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பிள்ளைகள் பலர். அவர்தம் சங்கத் தலைவர்கள் சம்பளமும் காரும் ஓய்வூதியமும் பெறலாமா என்னும் வினா நம் கூட்டங்களிலும் எழுகிறது. தொண்டுக்குக் கூலியா என்று முகஞ்சுளிப்பாரும் உளர்.

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதனை நடத்திய பி. பி. வாடியா பிரம்மஞான சபையினர், திரு. வி. க. பத்திரிகாசிரியர். பின்னி ஆலைக் கூலியை நம்பி அவர்தம் அடுப்பு எரியவில்லை. தறியைவிட்டு இறங்கினால் அன்றைய கூலியை இழக்கும் தொழிலாளி அங்ஙனம் கௌரவத் தலைவராதல் எப்படி? ஊதியமில்லாப் பதவி வசதியுள்ளவர்க்கே வாய்க்கும்.

1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் இதனை மறுக்கவில்லை. பொதுநிதியினின்று நிர்வாகிகளுக்குச் சம்பளமும் படியும் வழங்க 15ஆம் பிரிவு இடந்தந்தது; தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் பதிவாளருக்கு அனுப்பவும் சட்டம் பணித்தது. ஆனால் நிதி எங்கே? 2001ஆம் ஆண்டுத் திருத்தம் ஆலைத் தொழிலாளிக்கு விதித்த குறைந்தபட்சச் சந்தா ஆண்டுக்கு 12 ரூபாய். ஐந்நூறு பேர் செலுத்தினும் 6,000 ரூபாயே! வறண்ட சங்கத்தின் தலைவருக்கு முதலாளியின் கார் இனிப்பதில் வியப்பில்லை.

கணக்கேடு புரட்டுவதே தொழிலாகக் கொண்டவன் நான். செலவுப் பத்தியில் எழுதிய சம்பளம் பெரிதாயினும் அஞ்சேன். பொதுச்சபை அதைக் குறைக்கலாம். எழுதாத சலுகையைக் குறைப்பார் யார்? தேர்ந்த தொழிலாளி ஆலையில் பெறும் ஊதியம், இழந்த சேமநிதிக்கு ஈடு, பஸ் செலவு, இவற்றைச் சந்தாவிலிருந்தே தருக. தொழிலாளிக்கில்லாத தனி ஓய்வூதியம் மட்டும் தலைவருக்கு வேண்டா. இதற்காகச் சந்தாவை உயர்த்த நேரின், அத்தீர்மானத்தைத் தலைவரே கூட்டத்தில் கொண்டுவரட்டும்.