கேட்டின் பலம் தூணில்!

டிராக்டர் நிறுத்தும் இடத்துக்கு இரும்பு கேட் போடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

கடன் வாங்கி எடுத்த டிராக்டர் இரவில் களத்துமேட்டில் திறந்தவெளியில் நிற்கிறது. விடிந்து பார்த்தால் பேட்டரியைக் காணோம். அல்லது டேங்கில் டீசல் இல்லை. இப்படி ஒரு முறை பறிகொடுத்த பிறகுதான் பல குடும்பங்கள் வேலி போட்டு, கேட் வைக்க முடிவெடுக்கின்றன. அவசரத்தில் செய்த கேட்டோ சில மாதங்களிலேயே தொங்கி, தரையைத் தேய்க்க ஆரம்பிக்கிறது. தூக்கிப் பிடித்துத்தான் திறக்க வேண்டும் என்ற நிலை வந்ததும், வீட்டில் யாரும் அதை மூடுவதே இல்லை. போட்ட பணம் வீண்.

எத்தனை அடி அகலம்?

டிரெய்லர் மாட்டிய டிராக்டர் நேராக நுழைய 12 அடி போதும். குறுகலான வண்டிப்பாதையிலிருந்து திரும்பி நுழைய வேண்டுமானால் 14 அடி விடுவது நல்லது. அறுவடை இயந்திரமும் வரும் என்றால், அதன் முன்பக்க அகலத்தை அளந்த பிறகே தூணுக்குக் குழி எடுக்க வேண்டும்.

12 அடியை ஒரே கதவாகச் செய்யாமல், ஆறு ஆறு அடியாக இரட்டைக் கதவு போடலாம். கதவின் அகலம் இரண்டு மடங்கானால் எடையும் இரண்டு மடங்காகும்; மேல் கீலை இழுக்கும் விசையோ நான்கு மடங்காகும்.

மண்ணைப் பார்த்துத் தூண்

கெட்டியான செம்மண்ணில் 3 அடி ஆழக் குழி பெரும்பாலும் போதும். கரிசலில் போதாது. மழைக்கு உப்பி, கோடையில் வெடிக்கும் மண் என்பதால் தூண் மெல்லச் சாய்ந்துவிடும். அங்கே கெட்டியான அடிமண் தட்டும் வரை தோண்டி, இரண்டு தூண்களையும் தரைக்கு அடியில் ஒரு கான்கிரீட் பீமால் இணைத்துவிட வேண்டும். அப்போது தூண்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாயாது.

கீலைத் தாங்கும் தகட்டின் பின்புறம் கொக்கிக் கம்பி வெல்டிங் செய்து, கான்கிரீட் போடும்போதே தூணில் புதைக்க வேண்டும். குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்றி, மூன்று வாரம் கழித்துக் கதவை மாட்டலாம்.

தகடு கனமானால் நல்லதா?

6 அடிக்கு 6 அடி கதவில், 1.2 மி.மீ தகடு மட்டும் சுமார் 31 கிலோ. அதுவே 2 மி.மீ என்றால் சுமார் 52 கிலோ. முழுத் தகடு காற்றுக்குப் பாய்மரம் மாதிரி நிற்கும். 2018 கஜா புயலைப் பார்த்த டெல்டா விவசாயிகளுக்குக் காற்றின் வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. கீழே 3 அடிக்குத் தகடும் மேலே கம்பியும் வைத்தால் எடையும் குறையும், காற்றும் புகுந்து போகும். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளும்.

கீல் பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து பூட்டுப் பக்கத்து மேல் மூலைக்கு ஒரு குறுக்குச் சட்டம் அவசியம். கதவு தொங்காமல் காப்பது அதுதான். சட்டத்தைச் சமதரையில் வைத்துப் புள்ளி வெல்டிங் மட்டும் போட்டு, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் முழு வெல்டிங்.

பட்டறையில் பேசும்போது

கிலோ கணக்கில் பேசினால் தேவைக்கு மேல் கனமான இரும்பு வரலாம். சதுர அடி கணக்கில் பேசினால் மெல்லிய இரும்பு வரலாம். அதனால் குழாயின் அளவு, தகட்டின் கனம் இரண்டையும் மி.மீட்டரில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வயலிலேயே வேலை நடந்தால் வைக்கோல் போர், டீசல் கேன் பக்கத்தில் தீப்பொறி பறக்கக் கூடாது. விவசாய இலவச மின் இணைப்பில் வெல்டிங் மெஷினை மாட்டுவதும் தவறு.

கழற்ற முடியாத கீல்

பூட்டை உடைக்காமலே, கதவை மேலே தூக்கிக் கீலிலிருந்து கழற்றிவிட முடியும். மாட்டிய பிறகு மேல் கீலுக்கு மேலே ஒரு இரும்புத் துண்டை வெல்டிங் செய்துவிட்டால் கதவு எழும்பாது.

ஸ்லைடிங் கேட்: உயிர் விஷயம்

இடம் குறைவென்று தண்டவாளத்தில் ஓடும் ஸ்லைடிங் கேட் போடுபவர்கள் உண்டு. தண்டவாளத்தின் இரு முனையிலும் தடுப்புக் கட்டை, மேலே கதவைப் பிடிக்கும் வழிகாட்டி உருளை இரண்டும் இல்லாமல் அதைப் பயன்படுத்தவே கூடாது. வேகமாகத் தள்ளும்போது தடுப்பைத் தாண்டிச் சாய்ந்தால், அந்த எடை முழுவதும் தள்ளியவர் மீது விழும். கேட்டில் தொற்றி விளையாடும் பிள்ளைகள் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள்.

துருவைத் தள்ளிப்போட

வெல்டிங் கசடைத் தட்டித் தேய்த்து, தகடு பொருத்தும் முன்பே மூட்டுகளின் உள்பக்கமும் ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். பொட்டாஷ், யூரியா மூட்டைகளைக் கேட்டின் மீது சாய்த்து அடுக்கக் கூடாது. உர உப்பு பட்ட இடத்தில் துரு சீக்கிரம் ஏறும். கதவுக்கும் தரைக்கும் நடுவே 2 அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும்.

பணம் கொடுக்கும் முன்...

காற்றில்லாத நேரத்தில் கதவைப் பாதி திறந்து கையை எடுத்துவிட வேண்டும். தானாக ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்றால், கீல்கள் ஒரே நேர்க்கோட்டில் நிமிர்ந்து இருக்கின்றன. இதே சோதனையை முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. மழை குடித்த மண் தூணை அசைத்திருந்தால், கதவு தரையைத் தேய்க்கும் முன்பே அப்போது தெரிந்துவிடும்.