இரவில் முனகிய கணனி

இரவு பதினொரு மணி இருக்கும். வீடு அடங்கிவிட்டது. மூத்த மகனின் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. 'ம்ம்ம்... ம்ம்ம்...' என்று யாரோ வயிற்று வலியில் முனகுவது போல. எழுந்து போய்ப் பார்த்தேன். மகன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான்.

"மகன், இதென்ன சத்தம்?"

"எந்தச் சத்தம் உம்மா?"

ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் அவனுக்கும் கேட்டது.

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு அவன் தானாகவே பூட்டிய கணனி அது. மாதா மாதம் காசு சேர்த்து ஒவ்வொரு பாகமாக வாங்கினான். வெளிப்பெட்டி (கேஸிங் என்கிறார்கள்) ஒரு சிநேகிதன் வீட்டில் சும்மா கிடந்தது. கணனியை இயக்கும் மென்பொருளுக்கு எஸ்.எஸ்.டி. என்ற புதுவகைச் சேமிப்பகத்தை வாங்கினான். படங்களையும் பழைய கோப்புகளையும் வைக்க, வீட்டிலிருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கையே மாட்டினான்.

அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வாப்பா மௌத்தாவதற்கு முன் ஒரு கெசட்டில் பேசி வைத்திருந்தார். பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி விசாரிக்கும் குரல். கெசட் பூஞ்சணம் பிடித்துப் போகுமுன் அதைக் கணனியில் ஏற்றினோம். கெசட் இப்போது இல்லை. அந்தக் குரல் இருப்பது அந்த ஒரே ஒரு டிஸ்க்கில்தான். ஆகவே மற்றவர்களுக்கு அது ஒரு சத்தம். எனக்கு நெஞ்சு திக்கென்றது.

சகோதரிகளே, கணனிக்குள் சத்தம் போடக்கூடியவை அதிகமில்லை. சுழலும் சாமான்கள் பெரும்பாலும் இரண்டே வகை: விசிறிகள், ஹார்ட் டிஸ்க். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது. இதுபோக, பெட்டியின் தகரம் அதிரலாம், வயர் ஏதாவது விசிறி இறக்கையில் உரசலாம். ஆனாலும் எது என்று கண்டுபிடிப்பது லேசல்ல. தகரப் பெட்டிக்குள் எழும் சத்தம் எல்லாப் பக்கத்தாலும் வரும்.

மகன் கொப்பித் தாளைச் சுருட்டிக் குழாயாக்கி, காதில் வைத்துப் பெட்டியைச் சுற்றி வந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் 1816ஆம் ஆண்டு பாரிஸில் ரெனே லென்னக் என்ற டொக்டர் செய்ததும் இதைத்தான். ஒரு பெண் நோயாளியின் நெஞ்சில் நேரே காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, அவர் கடதாசியைச் சுருட்டி வைத்துக் கேட்டார். டொக்டர்மாரின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப் அங்கிருந்து பிறந்ததுதான்.

குழாய் காட்டியது முன்பக்கத்து விசிறியை. கணனியை நிறுத்தி, அதன் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டான். சத்தமே இல்லை. "விசிறிதான் உம்மா, பெயாரிங் தேய்ஞ்சிருக்கும்" என்றான். மறுநாளே அதே அளவில் புது விசிறி வந்தது. காசு போனதுதான் மிச்சம். பத்து நிமிடம் ஓடியதும் மீண்டும் 'ம்ம்ம்... ம்ம்ம்...'

கடையில் கேட்டதற்கு, பவர் சப்ளையை மாற்றிப் பார்க்கச் சொன்னார்களாம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுவதென்றால் கணனியையே இரண்டாந்தரம் வாங்க வேண்டியதுதான்.

இந்த முறை நான் குசினியிலிருந்து மர அகப்பையைக் கொண்டுவந்தேன். அதன் ஒரு முனையைப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்டேன். மரம் அதிர்வை நன்றாகக் கடத்தும். (ஓடும் கணனிக்குள் இரும்புச் சாமான் எதையும் விடக்கூடாது. முந்தானையையும் சட்டைக் கையையும் செருகிக்கொள்ள வேண்டும்.) அதிர்வு அதிகமாக இருந்தது ஹார்ட் டிஸ்க் பூட்டியிருந்த இடத்தில்!

"வேற வேலை ஒண்டும் பார்க்க வாணாம். முதல்ல வாப்பாட குரலைக் கொப்பி பண்ணு" என்றேன்.

வெளியே செருகும் ஒரு டிஸ்க்கை இரவல் வாங்கி எல்லாவற்றையும் பிரதி எடுத்தோம். மூன்று மணித்தியாலம் பிடித்தது. அந்த நேரம் முழுவதும் கதிரையில் உட்கார்ந்து அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றுவிடுமோ என்று பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போன்ற தட்டு ஒன்று நிமிடத்துக்கு 7,200 தடவை சுழல்கிறது. சில வகைகளில் 5,400 தடவை. எழுதும், வாசிக்கும் முனை அதைத் தொடாமல் மேலே மிதக்கிறது. இடைவெளி நம் தலைமுடியின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. கிட்டத்தட்ட நமது கல்யாண வீட்டுச் சஹன் அளவு! இன்றைய தட்டு உள்ளங்கைக்குள் அடங்குகிறது. முனை தட்டில் முட்டினால் பதிந்ததெல்லாம் போய்விடும். பழைய ரேடியோவைத் தட்டுவது போலக் கணனியைத் தட்டிப் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'டிக்... டிக்... டிக்...' என்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தால் அது ஆபத்தான அறிகுறி. இனிக் கிடைக்காத சாமான் அதில் இருந்தால், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் உடனே நிறுத்தி, விஷயம் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

எங்கள் டிஸ்க்கில் அந்த 'டிக் டிக்' இல்லை. தன் உடல்நலத்தைத் தானே கணக்கு வைக்கும் ஏற்பாடு எல்லா டிஸ்க்கிலும் உண்டு. அதைத் திறந்து பார்த்தான், குறையொன்றும் இல்லை. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு விசிறியோடு மட்டும் ஓட்டினான்: முனகல் இல்லை. விசிறியைக் கழற்றிவிட்டு டிஸ்க்கோடு மட்டும் ஓட்டினான்: அப்போதும் இல்லை! தனித்தனியே இருவரும் நல்ல பிள்ளைகள். சேர்ந்தால்தான் குழப்படி.

இதற்குக் காரணம் கண்டுபிடித்தவன் அவன்தான். நான் எழுதுவது அவன் எனக்கு விளங்கப்படுத்தியது. டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் செக்கனுக்கு 120. ஆகவே அதன் அதிர்வும் செக்கனுக்கு 120. விசிறிக்கு ஏழு இறக்கைகள். அதன் வேகத்தைக் கணனித் திரையிலேயே பார்க்கலாம். போட்டவுடன் 850 சுற்று. பத்து நிமிடத்தில் உள்ளே சூடேறியதும் தானாகவே 1,020 ஆகிறது. அதை ஏழால் பெருக்கி அறுபதால் வகுத்துப் பாருங்கள். 119!

120உம் 119உம். இரண்டு பேர் இரண்டு உரலில் மா இடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தியின் கை மற்றவளைவிடக் கொஞ்சம் மெது. சில நேரம் இரண்டு உலக்கையும் ஒன்றாக விழுந்து சத்தம் பெரிதாகும். சில நேரம் மாறி மாறி விழும். அப்படித்தான் இந்த இரண்டு சத்தமும் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் 'ம்ம்ம்... ம்ம்ம்...' என்று ஏறி இறங்கின. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினோம். ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு முனகல். 120இலிருந்து 119ஐக் கழித்தால் ஒன்றுதானே! பகலில் தெருச் சத்தத்தில் இது கேட்டிருக்காது.

ஆனால் ஒரு கேள்வி எனக்கு மிச்சமிருந்தது. இத்தனை சிறிய டிஸ்க்கின் அதிர்வு அவ்வளவு பெரிய பெட்டியை எப்படி ஆட்டும்? பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். டிஸ்க்கைப் பிடிக்க வேண்டிய நான்கு திருகாணிகளில் இரண்டுதான் இருந்தன.

"மற்ற ரெண்டும் எங்க மகன்?"

"பழைய கேஸிங்தானே உம்மா... கிடைக்கல்ல."

சட்டைப் பொத்தானில் இரண்டு கழன்றாலே நான் விடமாட்டேன். இவன் தன் மூத்தவாப்பாவின் குரலை இரண்டு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறான்!

நான்கு திருகாணியும் நான்கு ரப்பர் வாஷரும் வாங்கினோம். விசிறியின் வேகத்தை 800க்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தினான். உள்ளே சூடு கூடவில்லை என்பதை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டான். அன்றிலிருந்து முனகல் இல்லை. உள்ளே படிந்திருந்த தூசியையும் துடைத்தோம். ஊதித் துடைக்கும்போது விசிறியைக் காற்றில் சுழல விடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நாங்கள் திறக்கவில்லை. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும், உயிருக்கே ஆபத்து.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது சின்ன மகள் வந்து நின்றாள். "இன்னும் விசிலடிக்குதே உம்மா!" எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகனுக்குச் சாடையாகக் கேட்டதாம். அது உண்மைதான். கணனியின் மின் பலகைகளில் செப்புக் கம்பிச் சுருள்கள் உண்டு. மின்சாரம் வேகமாகக் கூடிக் குறையும்போது அவை மெல்ல அதிர்ந்து கீச்சிடும். அதனால் கெடுதியில்லை. வயது ஏற ஏற இப்படியான கீச்சுக் குரல்கள் நம் காதுக்கு எட்டாமல் போய்விடுகின்றன. அவள் விளையாடும் கேமில், திரை தேவையில்லாமல் செக்கனுக்குப் பல நூறு படங்களை வரைந்துகொண்டிருந்தது. மகன் அதை அறுபதாகக் குறைத்தான்.

"இப்ப நிண்டுட்டுது" என்றாள் மகள். அவள் சொல்லை நம்ப வேண்டியதுதான். நான் வாப்பாவின் குரலைப் போடச் சொன்னேன். முனகல் எதுவும் கலக்காமல் கேட்டது. நடுவில் அவர் இருமுவதும், பின்னால் உம்மா கோப்பையைக் கீழே வைக்கும் சத்தமும்கூட.