நெருப்புக்கு முதுகு காட்டி நிற்கும் ஒருவர்... தெரியுமா?

நள்ளிரவு இரண்டு மணி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பெருநகரத்தை விட்டு வெகுதூரத்தில் ஒரு பால்பண்ணை. வைக்கோல் அடுக்கிய பெரிய மரக் கொட்டகை கொழுந்துவிட்டு எரிகிறது. நாற்பது ஐம்பது தீயணைப்பு வீரர்கள், எல்லாருடைய முகமும் நெருப்பின் பக்கம். ஒரே ஒருவர் மட்டும் கொஞ்சம் தள்ளி, கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நெருப்புக்கு முதுகைக் காட்டி நின்று வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருக்கிறார். முதுகு காட்டுவது கோழைத்தனம் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த இடத்தில் அவருக்கு அதுதான் வேலை!

அவர் பதவியின் பெயர் கவுண்டி தீயணைப்பு ஒருங்கிணைப்பாளர். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டம் முழுவதற்கும் பொறுப்பான ஆள் வந்திருக்கிறார், இனி அவர் சொல்வதுதான் சட்டம் என்று நினைப்பீர்கள். இல்லவே இல்லை! அந்தத் தீயில் அவர் யாருக்கும் உத்தரவு போட முடியாது, தெரியுமா? அங்கே ராஜா, அந்தச் சின்ன ஊரின் தீயணைப்புத் தலைவர்தான். ‘சீஃப்’ என்பார்கள். பகலில் அந்தச் சீஃப் குழாய் ரிப்பேர் செய்பவராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம். ஆனால் தன் ஊர்த் தீயில் முடிவு அவருடையது. ஒருங்கிணைப்பாளர் அவர் பக்கத்தில் போய் நின்று கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “என்ன வேணும், சீஃப்?”

அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் ஒரு மாவட்டமே அணிவகுத்து நிற்கிறது!

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசின் ஒரே துறை. அங்கே அப்படியல்ல. நியூயார்க் மாநிலத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமான தனித்தனித் தீயணைப்பு அமைப்புகள் இருக்கின்றன. ஊருக்கு ஒன்று, சில ஊர்களில் இரண்டு மூன்று. பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் தன்னார்வலர்கள்தான். இந்தப் பழக்கத்துக்கு வயது என்ன தெரியுமா? பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் தன்னார்வத் தீயணைப்புக் குழுவைத் தொடங்கியது 1736இல். அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு!

இடுப்பில் பேஜர் அலறும். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சொந்தக் காரில் பாய்வார்கள். நியூயார்க் மாநிலத்தில் அந்தத் தன்னார்வலர்கள் தங்கள் காரில் நீல விளக்கு பொருத்திக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் தன்னார்வலர் என்றால் பச்சை விளக்கு. அந்த நீல விளக்குக்குச் சட்டப்படி எந்த முன்னுரிமையும் கிடையாது! சிவப்பு விளக்கில் நின்றுதான் போக வேண்டும், வேக வரம்பை மீறக் கூடாது. முன்னால் போகிறவர்கள் ஒதுங்கி வழி விட்டால், அது முழுக்க முழுக்க மரியாதை. இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

மாநிலத்தில் மொத்தம் 62 கவுண்டிகள். அவற்றில் ஐந்து சேர்ந்ததுதான் நியூயார்க் நகரம். அங்கே சம்பளம் வாங்கும் பெரும்படை உண்டு. மற்ற 57இல் ஒருங்கிணைப்பாளரோ, அதே வேலையை வேறு பதவிப் பெயரில் பார்ப்பவரோ இருப்பார். மாநிலத்தின் கவுண்டிச் சட்டம் இந்தப் பதவிக்குத் தரும் முக்கியமான வேலைகள் இரண்டு: பயிற்சி, பரஸ்பர உதவி. லாங் ஐலண்டில் உள்ள சஃபோக் கவுண்டியில் 15 லட்சம் பேர் வசிக்கிறார்கள். அடிரோண்டாக் மலைக்காட்டில் உள்ள ஹாமில்டன் கவுண்டியின் பரப்பு 4,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மக்கள்தொகையோ 5,000 சொச்சம்தான்! இரண்டுக்கும் ஒரே சட்டம். மலைக்காட்டுக்காரரின் கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஆள்கூட அப்புறம்தான். முதல் கவலை தூரம்.

சரி, அந்தக் கொட்டகைக்கு வருவோம். கிராமத்தில் தெருவோரத் தண்ணீர் இணைப்பு கிடையாது. தீயணைப்பு வண்டி ஒன்றில் 1,000 கேலன் இருக்கும், அதாவது 3,800 லிட்டர். நிறைய என்று தோன்றுகிறதா? பெரிய கொட்டகைத் தீக்கு நிமிடத்துக்கு 500 கேலன் அடிக்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டே நிமிடத்தில் வண்டி காலி!

அப்புறம்? இங்கேதான் வித்தை. நடுரோட்டில் ஒரு மடக்குத் தொட்டியை விரிப்பார்கள். இரும்புச் சட்டத்தில் ரெக்சின் போன்ற தடித்த துணி கட்டிய தொட்டி. டேங்கர் லாரி வந்து பின்பக்க வாயைத் திறந்தால், 3,000 கேலன் தண்ணீர் அருவி மாதிரி உள்ளே கொட்டும். பதினோரு டன் எடை! கொட்டிவிட்டு லாரி குளத்துக்கு ஓடும். தொட்டியிலிருந்து பம்பு உறிஞ்சி நெருப்பில் அடிக்கும். நிமிடத்துக்கு 500 கேலன் என்றால் ஒரு லாரித் தண்ணீர் ஆறு நிமிடத்துக்குத்தான். குளத்துக்குப் போய், நிரப்பி, திரும்ப அரை மணி நேரம் ஆகும் என்றால்? ஐந்து லாரிகள் இடைவிடாமல் சுற்ற வேண்டும். ஒன்று சேற்றில் சிக்கினால் போச்சு. ஆகவே ஆறாவது, ஏழாவது லாரியும் வேண்டும். அந்த ஊரிடம் இருப்பதோ ஒரு லாரி. மீதி ஆறையும் ஆறு ஊர்களிலிருந்து வரவழைப்பவர் நம் முதுகு காட்டும் மனிதர். எந்த ஊர் டேங்கர் எவ்வளவு கொள்ளும், எந்தப் பாலம் எவ்வளவு எடை தாங்கும், எந்தக் குளத்தங்கரையில் லாரி நிற்க இடம் உண்டு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பனிக்காலத்தில் குளம் உறைந்து கிடந்தால்? ரம்பத்தால் பனியை அறுத்து ஓட்டை போட்டு உறிஞ்சுவார்கள்! பனிக்கட்டிக்கும் கீழே தண்ணீருக்குள் ஒரு குழாயை நிரந்தரமாகப் பதித்து, அதன் வாயை மட்டும் ரோட்டோரம் நீட்டி வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘உலர் ஹைட்ரண்ட்’.

ஏழு ஊர் வண்டிகள் இங்கே வந்துவிட்டால் அந்த ஏழு ஊர்களுக்குக் காவல் யார்? அதே இரவில் அங்கே ஓர் அடுப்படி பற்றிக்கொண்டால்? ஒருங்கிணைப்பாளர் நெருப்புக்கு முதுகு காட்டுவதன் ரகசியமே இதுதான். எல்லாரும் எரிகிற இடத்தைப் பார்க்கும்போது, எரியாத இடங்களையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலியான நிலையத்துக்கு அடுத்த ஊர் வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார். அந்த ஊர் காலியாகிவிடக் கூடாதே, அதற்கும் அடுத்த ஊரிலிருந்து ஒன்று. சதுரங்கத்தில் காய் நகர்த்துவது போல மாவட்டம் முழுக்க வண்டிகள் நகரும். கவுண்டி போதாவிட்டால் பக்கத்துக் கவுண்டி, அதுவும் போதாவிட்டால் மாநிலம். எங்கோ ஒரு ஊரில் தூங்குகிற குழந்தைக்குத் தெரியாது, தன் ஊர் நிலையத்தில் இன்றிரவு விழித்திருப்பவர்கள் முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் என்று!

அவர் செல்போனில் இருக்கும் எண்களைப் பட்டியல் போட்டால் இன்னும் வியப்பாக இருக்கும். உப்பு லாரி! ஆமாம், உறைபனியில் அடிக்கிற தண்ணீரெல்லாம் ரோட்டில் கண்ணாடியாக உறைந்து வீரர்களையே வழுக்கி விழ வைக்கும். நெடுஞ்சாலைத் துறையை எழுப்பி உப்பும் மணலும் கொட்டச் சொல்ல வேண்டும். ஜேசிபி மாதிரி மண் வாரும் இயந்திரம், எரியும் வைக்கோல் குவியலைப் பிரித்துப் போட. மின்சாரத்தைத் துண்டிக்க மின் நிறுவனம். வண்டிகளுக்கு டீசல். வீரர்கள் ஏறி உட்கார்ந்து குளிர்காய ஒரு பள்ளிப் பேருந்து. முதுகில் மாட்டும் சுவாசக் காற்று சிலிண்டர்களை நிரப்ப ஒரு வண்டி. முப்பது நிமிடம் என்று எழுதியிருக்கும் சிலிண்டர், மூச்சு வாங்க உழைப்பவருக்குப் பாதி நேரத்திலேயே தீர்ந்துவிடலாம். அப்புறம் ஓர் ஆம்புலன்ஸ், வீரர்களுக்காகவே. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் பணியில் இறப்பதற்கு மிகப் பெரிய காரணம் என்ன தெரியுமா? நெருப்பு இல்லை, புகையும் இல்லை. மாரடைப்பு. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்து, இருபது கிலோவுக்கும் மேற்பட்ட கவசத்தோடு வேலை செய்யும் இதயம் எவ்வளவுதான் தாங்கும்? “இருபது பேரை மாத்தணும் சீஃப், புது ஆள் வர்றாங்க” என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். யாருடைய உயிர் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

ரோட்டில் போக்குவரத்தைத் திருப்பி விடுகிறவர்களைப் பார்த்தீர்களா? போலீஸ் மாதிரி இருக்கிறார்கள், போலீஸ் இல்லை. அவர்கள் ‘ஃபயர் போலீஸ்’. வயதாகி ஏணி ஏற முடியாமல் போன மூத்த தன்னார்வலர்கள் பலர் விரும்பி ஏற்கும் வேலை இது.

உதவிக்கு வண்டி வந்தால் மட்டும் போதாது என்பதை உலகுக்குச் சொன்ன ஊர் பால்டிமோர். 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. நகரத்தின் மையமே எரிந்தது. வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வண்டிகள் ரயிலேறி வந்து சேர்ந்தன. குழாயை எடுத்து மாட்டினால்... மாட்டவில்லை! ஒவ்வொரு ஊர்க் குழாயின் மரை ஒவ்வொரு அளவில். வந்தவர்களில் பலர் கையில் குழாயோடு நின்று பார்க்க, 30 மணி நேரம் எரிந்து 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. அதற்குப் பிறகுதான் நாடு முழுவதற்கும் ஒரே மரை அளவு வகுத்தார்கள். ஆனாலும் 1991இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் மலைத் தீயில் 25 பேர் இறந்தபோது, அந்த ஊர்த் தண்ணீர் இணைப்பின் வாய் மூன்று அங்குலம், வந்தவர்களின் குழாய் இரண்டரை அங்குலம்! எண்பத்தேழு ஆண்டுகள் கழித்தும்! அண்டை ஊர்க்காரர்களை ஆண்டு முழுக்கச் சேர்த்துவைத்துப் பயிற்சி கொடுப்பதை ஒருங்கிணைப்பாளரின் பாதி வேலையாக வைத்தவர்கள் புண்ணியவான்கள்.

மரை பொருந்தினாலும் பேச்சு பொருந்த வேண்டுமே. 1970இல் கலிபோர்னியாவில் 13 நாட்கள் காட்டுத்தீ. 16 பேர் பலி, 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள், ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் நாசம். வந்த படைகளிடம் வீரத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு துறையின் வயர்லெஸ் குறியீட்டு எண்ணுக்கு இன்னொரு துறையில் வேறு அர்த்தம். யார் யாருக்குக் கீழே என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சாம்பலிலிருந்து பிறந்ததுதான் இன்று நாடு முழுவதும் பின்பற்றும் சம்பவக் கட்டளை முறை. எண்களை விட்டுவிட்டு எல்லாருக்கும் புரிகிற பேச்சிலேயே பேசு. ஒருவருக்குக் கீழே மூன்று முதல் ஏழு பேர்வரை மட்டும், ஐந்து என்றால் உத்தமம். அந்த முறையில் ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் தொடர்பு அலுவலராக நிற்பார், அல்லது வந்த வண்டிகளை ஒரு மைதானத்தில் நிறுத்தி வைத்து, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக அனுப்புவார். ஐம்பது வண்டிகளும் ஒரே சந்துக்குள் பாய்ந்தால் தீயைவிட நெரிசல் பெரிதாகிவிடும்.

இவ்வளவும் ஒரு கொட்டகைக்கு. 1995 ஆகஸ்டில் லாங் ஐலண்டின் பைன் காடுகள் பற்றிக்கொண்டபோது, அந்தத் தீவின் ஏறக்குறைய எல்லாத் தன்னார்வ நிலையங்களும் ஆள் அனுப்பின என்றால் நம்ப முடிகிறதா? எரியாத ஊர்களையும் காத்துக்கொண்டேதான்! 2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோவுக்குப் பக்கத்தில் கிளாரன்ஸ் சென்டர் என்ற சிற்றூரில் ஒரு வீட்டின் மேல் பயணிகள் விமானம் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். முதலில் ஓடியது அந்த ஊர்த் தன்னார்வக் குழுதான். 2024 நவம்பரில் ஆரஞ்சு கவுண்டியும் நியூ ஜெர்சியும் சந்திக்கும் மலைகளில், எல்லையின் இரு பக்கமும் சேர்த்து 5,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. பக்கெட் தொங்கவிட்ட ஹெலிகாப்டர்கள் மேலே, கிராமத்துப் பம்பு வண்டிகள் கீழே. நாள்கணக்கில் வேலைக்கும் போய், தீக்கும் வந்தார்கள் அந்த ஊர் மக்கள்.

நம் கொட்டகைத் தீ விடியற்காலையில் அடங்குகிறது. ஏன் பற்றியது என்று முடிந்தவரை கண்டறிவதும் சட்டப்படி உள்ளூர்ச் சீஃபின் கடமை. தனக்குத் தெரியாவிட்டால் கவுண்டியின் புலனாய்வுக் குழுவைக் கேட்பார். அதை வரவழைப்பவரும் நம் ஒருங்கிணைப்பாளரே.

வீரர்கள் கிளம்பத் தொடங்குகிறார்கள். ஆனால் ரோட்டைப் பாருங்கள்: ஏழு ஊர்களின் குழாய்கள் பின்னிப் பிணைந்து, பனி ஏறி, பாம்புக் கூட்டம் மாதிரி கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர் பெயிண்டில். குனிந்து வாசித்து, உன்னுடையது, என்னுடையது என்று பிரித்துச் சுருட்டுகிறார்கள். ஒருங்கிணைப்பாளர் இன்னும் காரடியிலேயே நிற்கிறார். தொலைவிலிருந்து வந்தவர்களை முதலில் அனுப்பியாகிவிட்டது. ஒவ்வொரு நிலையமாக வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிறது: “வண்டி உள்ளே வந்தாச்சு, தண்ணி நிரப்பியாச்சு, தயார்.” ஐந்து வந்துவிட்டன. ஆறு. ஏழாவது நிலையத்தின் குரலுக்காக அவர் காத்திருக்கிறார்.