பல் இடம்பெயரும் விதம்

நிரை பிறழ்ந்த பற்களைக் கம்பி கட்டிச் சீராக்கும் சிகிச்சையை இன்று அறியாதார் இலர். ஆயினும், கம்பி பல்லை என்ன செய்கின்றது என வினவின், இழுத்து நேராக்குகின்றது என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. சாய்ந்த வேலிக் கதியாலை நிமிர்த்துவது போலப் பல்லும் நிமிர்த்தப்படுகின்றது என்னும் எண்ணமே அவ்விடையின் அடிப்படை. அஃது உண்மையாயின் சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடும், ஈராண்டு வேண்டியதில்லை. கம்பி தருவது தூண்டுதல் மாத்திரமே. பல்லுக்கு வழிவிடுவது அதனைத் தாங்கி நிற்கும் உயிருள்ள எலும்பாகும்.

பல்லின் வேர் தாடையெலும்போடு நேரே ஒட்டியிருப்பதில்லை. இரண்டிற்கும் இடையே ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள நார்ப்படலம் ஒன்றுண்டு. குருதிக் குழாய்களும் நரம்புகளும் செறிந்த இப்படலத்திலே பல் தொங்குகின்றது எனினும் பொருந்தும். கம்பி பல்லை ஒரு பக்கமாக உந்தும்போது அப்பக்கத்துப் படலம் நெரிபடும். எதிர்ப்பக்கத்து நார்கள் இழுபடும். நெரிபட்ட பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் கலங்கள் தோன்றிக் குழியின் சுவரை அரிக்கின்றன. இழுபட்ட பக்கத்திலோ எலும்பை ஆக்கும் கலங்கள் புதிய எலும்பைப் படியச் செய்கின்றன. இவ்வாறு பல் தன் குழியையும் உடன்கொண்டு பெயர்கின்றது. அதன் வேகம் மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்.

வலுவைக் கூட்டினால் வேகமும் கூடாதோ எனச் சிலர் கருதலாம். சுவீடன் நாட்டுச் சான்ட்ஸ்டெட் என்பார் நாய்களின் பற்களை உலோகக் கம்பியால் நகர்த்தி, அவற்றைத் தாங்கிய எலும்பை நுணுக்குக்காட்டியிற் பரிசோதித்து, 1904, 1905 ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார். மிகை வலுவின் கீழ்ப் படலத்தின் குருதியோட்டம் தடைப்பட்டு, அப்பகுதி இறந்துபடுவதை அவர் கண்டார். இறந்த இடத்திற் கரைக்கும் கலங்கள் தோன்றா. எலும்பு பின்புறமிருந்தே மெல்லக் குடையப்பட வேண்டும். அதுவரை பல் அசையாது நிற்கும். நோவு மிகும், பல்வேரின் நுனி கரைந்து குறுகும் இடரும் மிகும். கம்பியை இறுக்கிவிடுமாறு வைத்தியரை அவசரப்படுத்தும் பெற்றோர் இதனை அறிதல் நன்று.

பாரிஸ் நகரப் பல் வைத்தியர் பியர் போசார், 1728 இல் வெளியிட்ட நூலில், உலோகப் பட்டியொன்றோடு பற்களை நூலாற் பிணைத்து நேராக்கும் முறையை விவரித்தார். குறட்டினால் ஒரேயடியாகப் பல்லை நிமிர்த்தி அயற்பற்களோடு கட்டிவிடுதலும் அவர் கையாண்ட முறையே. கதியால் நிமிர்த்தும் வேலைக்கு இதனினும் சிறந்த உதாரணம் இல்லை! அமெரிக்கரான எட்வேட் ஆங்கிள், 1928 இல், நீள்சதுரக் கம்பி பொருந்தும் வெட்டுடைய சிறு பிடியை அறிமுகஞ் செய்தார். அதனால் பல்லின் முடியை மட்டுமன்றி வேரையும் வேண்டிய திசையிற் சரிக்க முடிந்தது. அப்பிடிகள் நெடுங்காலம் பல்லைச் சுற்றிய வளையங்களிலேயே பொருத்தப்பட்டன. அமிலத்தாற் பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி ஒட்டும் வழியைப் புவனகோர் 1955 இற் காட்டிய பின்னரே அவற்றை நேரே ஒட்டுதல் இயல்வதாயிற்று. 1970களில் வந்த நிக்கல் தைத்தேனியக் கம்பியின் சிறப்பு, மெல்லிய வலுவை நெடுநாள் ஒரே அளவாகத் தருதலாகும். நிறமற்ற பிளாத்திக்கு உறைகளும் இப்போது வழங்குகின்றன. எலும்பிற் செய்யும் வேலை அவற்றிற்கும் அதுவே.

இடநெருக்கடி மிக்க வாயிற் சில பற்களைப் பிடுங்கலாமா என்பது பெரும் வாதமாக நடந்தது. எல்லாப் பற்களையும் காத்தே சீராக்க வேண்டும் என ஆங்கிள் உறுதியாக நின்றார். அவர் மாணவர் சாள்ஸ் துவீட் ஆசிரியர் நெறியிற் சில ஆண்டுகள் ஒழுகி, தம் நோயாளரிற் பலருக்குப் பற்கள் மீண்டும் பிறழ்ந்தமை கண்டு, முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி அவர்களுக்கு மறுமுறை சிகிச்சை செய்தார். இன்று அவரவர் தாடையளவையும் முகவமைப்பையும் நோக்கியே இது தீர்மானிக்கப்படுகின்றது.

கம்பி கழற்றப்படும் நாளிற் சிகிச்சை முடிந்ததென எண்ணுவோர் பலர். வேரைச் சுற்றிய படலம் மூன்று நான்கு மாதங்களில் ஒழுங்குபடும். முரசின் நார்களோ ஓராண்டு வரையும் பல்லைப் பழைய இடத்திற்கு இழுத்த வண்ணம் இருக்கும். அதனாலேயே பற்களை நிலைநிறுத்துந் தட்டு முதலிற் பெரும்பொழுதும், பின்னர் இரவிலும் அணியப்படுகின்றது. ஒருபோதும் கம்பி கட்டாதவரிடத்தும் கீழ் முன்பற்கள் வயதேற நெருங்குவதுண்டு. ஆதலின் இரவுத் தட்டைப் பல ஆண்டுகள் விடாது அணியுமாறு வைத்தியர் கூறுவர்.